லைசென்ஸைத் தின்றது யார்?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு மாணவன்)

நம்மில் எத்தனை பேர் ஒரு மென்பொருளின் லைசென்ஸை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் வகுப்புக்கு ஒரு கை எழும்பினாலே பெரிய விஷயம். "ஐ அக்ரீ" என்ற கட்டத்தில் ஒரு டிக், அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நமக்கும் லைசென்ஸுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு இது போதும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த லைசென்ஸ் பெரும்பாலும் "இதைச் செய்யாதே, அதைத் தொடாதே" என்று நம்மைக் கட்டிப்போட எழுதப்பட்டது. ஆனால் கட்டற்ற மென்பொருளின் கதை வேறு. நம் லேபில் ஓடுகிற லினக்ஸ், நாம் சி புரோகிராம் போட்டுப் பார்க்கிற ஜிசிசி, பைத்தான் இவற்றுக்கெல்லாம் நம் அப்பாக்கள் ஃபீஸ் கட்டவில்லை. எங்கோ இருக்கும் யார் யாரோ எழுதி, "எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று, அடுத்தவனுக்கும் கொடு" என்று எழுத்திலும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த எழுத்துதான் "காப்பியிங்" என்றோ "லைசென்ஸ்" என்றோ பெயர் போட்டு சோர்ஸ் கோடோடு கூடவே வரும் சின்ன ஃபைல். நமக்குக் கிடைத்த உரிமைக்கு அந்த ஃபைலைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

அந்த ஃபைல் கெட்டுப்போவதுண்டு. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை. சோர்ஸ் கோடு ஓடக்கூடிய புரோகிராமாக மாறும் வழியில், அதாவது பில்டு ஆகும்போது, ஏழெட்டுக் கருவிகளின் கை மாறுகிறது. அதில் ஏதோ ஒன்று ஒரு எழுத்தைக் கடித்து விடுகிறது. கடைசியில் திரையில் வருவது கொடுத்தவர் எழுதிய எழுத்து இல்லை. அப்படிக் கெட்ட லைசென்ஸைக் கண்டால், அது எங்கே கெட்டது என்று மூலம் வரை போய்ப் பிடிக்க வேண்டும். அது வக்கீல் வேலை என்று ஒதுங்கக் கூடாது, டிப்ளமோ படிக்கும் நாமே செய்யக்கூடிய வேலை என்பது என் கட்சி.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். தாத்தா மூன்று சென்ட் மனை வாங்கி, பத்திரத்தில் கைநாட்டு வைத்து, அதைத் தகரப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பா கொத்தனார். அவரும் அதைத் தொட்டுக் கும்பிட்டதோடு சரி. பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் ஒரு கடனுக்காக அதை வெளியே எடுத்தபோதுதான் நான் முதன்முதலாகச் சத்தம் போட்டு வாசித்தேன். எல்லைகள் சரி, அளவு சரி, சர்வே எண் மட்டும் சரியில்லை. உட்பிரிவு 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 8. அந்தப் பத்திரப்படி எங்கள் வீடு வேறொருவர் களத்துமேட்டில் இருக்கிறது!

அப்பாவும் நானும் அலைந்தோம். தாய்ப் பத்திரத்துக்கு நகல் போட்டு வாங்கினோம். அதில் 3 தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்த பத்திரத்திலும் 3. எங்கள் பத்திரத்தை எழுதியவர் கையில்தான் அது 8 ஆகியிருக்கிறது. பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரிந்த பிறகுதான் பிழைத்திருத்தப் பத்திரம் போட வழி பிறந்தது. விற்றவரின் வாரிசுகள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒருவர் அதற்கும் காசு கேட்டார். "ஒரு சுழிக்கு இவ்வளவு செலவாடா?" என்று அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து எனக்கு உரிமை சம்பந்தப்பட்ட எந்த எழுத்தும் வெறும் எழுத்தாகத் தெரிவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன பருவத்தில் மினி புராஜெக்டுக்காக நாங்கள் நாலு பேர் ஒரு சின்ன புரோகிராமை சோர்ஸிலிருந்து பில்டு பண்ணினோம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் எழுதியது. அதன் லைசென்ஸ் பிஎஸ்டி வகை. அந்த வகை உரிமத்தில் "இது உள்ளது உள்ளபடி தரப்படுகிறது" என்று பொருள்படும் "ஆஸ் ஈஸ்" என்ற இரண்டு சொற்கள் வரும். பழைய வழக்கப்படி அவற்றுக்கு முன்னால் இரண்டு சாய்ந்த குறி, பின்னால் இரண்டு நேர் குறி. சாய்ந்த குறியை பேக்-டிக் என்கிறோமே, கீபோர்டில் எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும், அதுதான். பில்டு முடிந்து புரோகிராமை ஓட்டி லைசென்ஸைக் காட்டச் சொன்னால், பின்னால் உள்ள இரண்டு குறி இருக்கிறது, முன்னால் உள்ள இரண்டும் காணோம்.

"ரெண்டு கொட்டேஷன் போனா குடியா முழுகிப்போச்சு? ரெகார்டை எழுதுங்கடா" என்றார் சீனியர் அண்ணன் ஒருவர். எனக்கோ 3-ம் 8-ம் ஞாபகம்.

முதலில் சோர்ஸில் இருந்த லைசென்ஸ் ஃபைலைத் திறந்தோம். குறிகள் நாலும் இருந்தன. டார் பந்தலாக இறக்கியதையும் கிட் களஞ்சியத்தில் இருந்ததையும் ஒப்பிட்டோம். ஷா-256 என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு ஃபைலை 64 இலக்கமுள்ள ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். இரண்டுக்கும் ஒரே எண். ஆக, கொடுத்தவர் சரியாகக் கொடுத்திருக்கிறார், வழியிலும் கெடவில்லை. கெட்டது நம் மெஷினில், "மேக்" என்று அடித்த பிறகு.

அடுத்து, எப்போதிலிருந்து கெடுகிறது என்ற கேள்வி. அந்தக் களஞ்சியத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பில்டு பண்ணினால் பருவமே முடிந்துவிடும். இங்கேதான் "கிட் பைசெக்ட்" கைகொடுத்தது. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என்று இரண்டு முனையைக் காட்டினால் அது நடுவில் ஒன்றை எடுத்துத் தரும். அது நல்லதா கெட்டதா என்று சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மறுபடி நடு. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. எனவே ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துத் தடவை பார்த்தால் போதும். "பைனரி சர்ச்" என்று இரண்டாம் ஆண்டில் உருப்போட்டோமே, அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று எந்த நோட்ஸிலும் போடவில்லை.

பத்தாவது தடவையில் ஆள் சிக்கினார். ஆள் என்றால் ஒரு வரி. லைசென்ஸை சி கோடுக்குள் சேர்க்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தது. அதில் "ஹியர் டாகுமென்ட்" முறையில், முடிவுச் சொல்லைக் கொட்டேஷனுக்குள் போட்டு, உரையை அப்படியே கொட்டியிருந்தார்கள். கொட்டேஷனுக்குள் இருக்கும்வரை ஷெல் உரையைத் தொடாது. யாரோ ஒருவர் காப்பிரைட் வரியில் வருடம் தானாக மாறட்டும் என்று ஒரு வேரியபிளை நுழைத்திருக்கிறார். அது வேலை செய்ய வேண்டுமென்றால் கொட்டேஷனை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டார். எடுத்ததும் ஷெல் விழித்துக்கொண்டது. ஷெல்லுக்கு இரண்டு பேக்-டிக் என்றால் "நடுவில் உள்ள கட்டளையை ஓட்டி விடையைப் போடு" என்று அர்த்தம். நடுவில் ஒன்றுமில்லை, விடையும் ஒன்றுமில்லை. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. வருடத்தைச் சரிபார்க்கப் போய் வாசகத்தை விட்டார்கள். (வருடத்தைத் தானாக மாற்றுவதே சரிதானா என்பது தனிக் கேள்வி. ஒன்றும் எழுதாத வருடத்துக்கும் நான் எழுதினேன் என்று உரிமை கோருவது எனக்கு ஒப்பவில்லை.)

திருத்தம் என்ன தெரியுமா? ஒவ்வொரு பேக்-டிக்குக்கும் முன்னால் ஒரு பின்சாய் கோடு. மொத்தம் இரண்டு எழுத்து. அனுப்பினோம், சேர்த்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு எங்களுக்கு ருசி கண்ட பூனை கதை ஆகிவிட்டது. ஒரு மாதிரி லைசென்ஸை வைத்துக்கொண்டு பில்டில் வரும் ஒவ்வொரு கருவி வழியாகவும் விட்டுப் பார்த்து, எது எப்படிக் கடிக்கிறது என்று அப்சர்வேஷன் நோட்டில் குறித்தோம். போலீஸ் கைரேகைப் பதிவேடு மாதிரி ஒரு பதிவேடு. சிலவற்றை இங்கே சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும்.

"செட்" என்று ஒரு கருவி. ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு உரையை அங்கே வைக்கும். வைக்கும் உரையில் "&" குறி இருந்தால் போச்சு. செட்டின் பாஷையில் "&" என்றால் "இப்போது எடுத்தேனே, அந்தச் சொல்". ஆகவே லைசென்ஸில் "ஏடி&டி" என்ற கம்பெனிப் பெயர் இருந்தால், அந்தப் பெயரின் வயிற்றுக்குள் "@லைசென்ஸ்@" என்று பழைய இடக்குறி உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டால் செட்தான் குற்றவாளி, சாட்சி வேண்டாம்.

சி மொழியின் முன்செயலி இன்னும் வேடிக்கை. சிலர் அதை சி கோடுக்கு மட்டுமல்லாமல் சாதாரண உரைக்கும் அச்சுவார்ப்பாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு இரண்டு சாய்கோடு என்றால் கமென்ட்டின் ஆரம்பம். இணைய முகவரியில் "எச்டிடிபி" முடிந்து முக்காற்புள்ளிக்குப் பிறகு இரண்டு சாய்கோடு வருமல்லவா? அதோடு அந்த வரி காலி. ஜிபிஎல்லின் 2007-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில், "லைசென்ஸின் நகல் கிடைக்காவிட்டால் இங்கே பார்" என்று தருவதே இணைய முகவரியைத்தான். அந்த முகவரியையே கடித்துவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது? இது போதாதென்று, லினக்ஸ் மெஷினில் ஜிசிசியை வழக்கமான முறையில் ஓட்டினால் "லினக்ஸ்" என்ற சொல்லையே (சின்ன எழுத்தில் இருந்தால்) 1 என்று மாற்றிவிடும்! லினக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தால் முன்செயலியைப் பிடியுங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது © குறியின் கதை. பழைய லத்தீன்-1 முறையில் அது ஒரு பைட்: ஏ9. யூடிஎஃப்-8 முறையில் இரண்டு பைட்: சி2, ஏ9. யூடிஎஃப்-8 ஃபைலை ஒருவர் லத்தீன்-1 என்று நினைத்துப் படித்து மறுபடி யூடிஎஃப்-8-ஆகச் சேமித்தால், இரண்டு பைட்டும் இரண்டு தனித்தனி எழுத்தாகி, ஆளுக்கு இரண்டு பைட் எடுத்து நாலு பைட் ஆகிவிடும். திரையில் © குறிக்கு முன்னால் தலையில் கூரை போட்ட ஒரு ஆங்கில "ஏ" எழுத்து முளைக்கும், பார்த்திருப்பீர்கள். அதே தப்பை இன்னொருவர் செய்தால் எட்டு பைட். ஆக, பைட்டை எண்ணினாலே எத்தனை கை மாறிக் கெட்டது என்று சொல்லிவிடலாம். இதில் ஒரு நுட்பம்: இரண்டாவது ஆள் லத்தீன்-1-க்குப் பதில் விண்டோஸ்-1252 முறையில் படித்திருந்தால் எட்டு வராது, ஒன்பது வரும். காரணம், நாலு பைட்டில் ஒன்றான 82 என்பது விண்டோஸ் முறையில் தாழ்ந்த காற்புள்ளி போன்ற ஒரு குறி. அதை யூடிஎஃப்-8-இல் எழுத மூன்று பைட் வேண்டும். எட்டா ஒன்பதா என்று பார்த்தே கெடுத்தவர் எந்த முறையில் படித்தார் என்று சொல்லிவிடலாம். நாங்கள் நாலு பேரும் இதைக் காகிதத்தில் போட்டுச் சரிபார்த்த அன்றைக்கு மெஸ்ஸுக்குப் போக மறந்துவிட்டோம்.

பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழ் ஃபைலை யூனிகோடில் திறந்து ஆங்கிலக் குப்பையாகப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருபடி மேலே போய், இது கணினிக்கே புதிதல்ல என்றும் சொல்வேன். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எழுதும் கருவியே பிழையை உண்டாக்கிற்று. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்தது என்ன? பல ஊர்ச் சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மூல பாடம், எது இடையில் எழுதினவர் கையில் மாறியது என்று பாடபேதம் பார்த்ததுதானே. அவருக்கு "டிஃப்" கட்டளை இல்லை, கண் இருந்தது.

பிழையை வைத்தே வம்சாவளியைச் சொல்லலாம் என்பதற்கு மென்பொருள் உலகில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜிபிஎல் உரிமத்தை எழுதிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தன் தபால் முகவரியை உரிமத்தோடு சேர்த்தே கொடுத்தது. 1991-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கேம்பிரிட்ஜ் நகரம், 675 மாஸ் அவென்யூ. பிறகு பாஸ்டனில் 59 டெம்பிள் பிளேஸ். 2005-இல் 51 ஃப்ராங்க்ளின் தெரு. 2024-இல் அந்த அலுவலகத்தையும் காலி செய்துவிட்டார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான புரோகிராம்களில் பழைய முகவரி அப்படியே இருக்கிறது. ஒரு ஃபைலில் எந்தத் தெரு இருக்கிறது என்று பார்த்தால் அது எந்தக் காலத்துப் பிரதியிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் பயன்படுத்தும் "ஆர்பிஎம்லின்ட்" என்ற சோதனைக் கருவி, முகவரி தவறு என்று இதற்கென்றே ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது.

இந்த ஜிபிஎல்லில் ஒரு வேடிக்கையும் உண்டு. புரோகிராமை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள் என்று சொல்லும் அதே உரிமம், தன் வாசகத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறது. சொத்தை அனுபவிக்கலாம், பத்திரத்தில் கைவைக்கக் கூடாது. நியாயம்தானே?

லினக்ஸ் கெர்னலிலேயே இந்தத் தலைவலி இருந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் "இது ஜிபிஎல்" என்ற அறிவிப்பை அவரவர் கைவந்தபடி ஒட்டியிருந்தார்கள். 2017-இலிருந்து எஸ்பிடிஎக்ஸ் என்ற ஒரே வரி அடையாளத்தை ஃபைலின் உச்சியில் போடத் தொடங்கினார்கள். 2019-இல் தாமஸ் க்ளைக்ஸ்னர் பழைய அறிவிப்புகளை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு விதி எண் போட்டு நீக்கிக்கொண்டே வந்தார். விதி எண் 500-ஐ எட்டியது! சொல்ல வந்ததோ கிட்டத்தட்ட ஒரே சங்கதி. ஒரே சங்கதியைச் சொல்ல நூற்றுக்கணக்கான வாசகம்.

அந்த ஒரு வரி அடையாளத்தைக் காட்டி, "இனிமே லைசென்ஸ் ஃபைலே வேணாம்ல?" என்கிறார்கள் சில நண்பர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கெர்னலில் அந்த ஒரு வரி செல்லுபடியாவதற்குக் காரணம், முழு வாசகமும் அதே மரத்தில் தனி டைரக்டரியில் பத்திரமாக இருப்பதுதான். எம்ஐடி உரிமமோ, காப்பிரைட் வரியும் அனுமதி வாசகமும் ஒவ்வொரு பிரதியிலும் இருந்தாக வேண்டும் என்றே நிபந்தனை போடுகிறது. வெப் பக்கத்துக்கான ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கும் கருவிகளில் பல, கமென்ட் என்று கண்டதையெல்லாம் வழித்துப்போடும். ஆச்சரியக்குறி போட்டோ வேறு குறிப்புக் கொடுத்தோ காப்பாற்றச் சொன்னால்தான் விட்டுவைக்கும். அங்கே ஒரு எழுத்து இரண்டு எழுத்து என்ற பேச்சே இல்லை, உரிமம் முழுசாகப் போய்விடுகிறது.

"போனா என்ன? யார் கேக்கப்போறா?" என்பவர்களுக்கு ஒரு வழக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியர். பொம்மை ரயில்களைக் கம்ப்யூட்டரால் ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ என்ற கட்டற்ற மென்பொருளை நண்பர்களோடு சேர்ந்து எழுதினார். பொம்மை ரயில்தானே என்று சிரிக்காதீர்கள். மேத்யூ கட்சர் என்பவரின் நிறுவனம் அதிலிருந்த ஃபைல்களை எடுத்துத் தன் விற்பனைச் சரக்கில் சேர்த்தது. அப்படிச் சேர்ந்தவற்றில் எழுதியவர்கள் பெயர் இல்லை, காப்பிரைட் வரி இல்லை, காப்பியிங் ஃபைலைப் பார் என்ற குறிப்பு இல்லை, மூலம் எங்கே கிடைக்கும் என்பதும் இல்லை. கீழ்க் கோர்ட்டு இதைக் காப்பிரைட் மீறலாகப் பார்த்துத் தடை கொடுக்க மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. லைசென்ஸில் உள்ளவை நிபந்தனைகள், அவற்றை மீறினால் காப்பிரைட் மீறலாகவே பார்க்கலாம், காசு வாங்காமல் கொடுத்தார் என்பதற்காக அவருக்கு இழப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். கட்டற்ற மென்பொருளுக்குக் கோர்ட்டில் முதுகெலும்பு கிடைத்தது ஒரு பொம்மை ரயிலால்!

வேண்டுமென்றே சேர்க்கும் ஒரு வரிகூடப் பெரிய வம்பாகும். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்பவர் ஜேசன் மென்பொருளுக்கு எம்ஐடி உரிமத்தையே எடுத்து, இதை நல்லதுக்கே பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்கு அல்ல என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்லது எது கெட்டது எது என்று யார் சொல்வது? டெபியன்காரர்கள் அதைக் கட்டற்றது என்று ஏற்கவில்லை. அப்பாச்சி ஃபவுண்டேஷனும் 2016-இல் தன் திட்டங்களில் அந்த உரிமம் கூடாது என்றது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பில்டு நடக்கும் வழியை யாரும் பார்ப்பதில்லை என்பது கெட்டவர்களுக்கும் தெரியும். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்திருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமானதுதான் அவருக்கு உறுத்தியது. விஷத்தைத் தூண்டிவிடும் பில்டு ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் பந்தலில் மட்டுமே இருந்தது. லைசென்ஸ் ஃபைலின் ஷா எண்ணைக் களஞ்சியத்தோடும் பந்தலோடும் ஒப்பிட்டோமே, அதே பழக்கத்தை எல்லா ஃபைல்களுக்கும் நீட்டினால் இப்படிப்பட்ட வித்தியாசமும் கண்ணில் படும். ஒரே சோர்ஸை யார் எங்கே பில்டு பண்ணினாலும் ஒரு பைட் மாறாமல் ஒரே பைனரி வர வேண்டும் என்று டெபியன் முதலானவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் இதற்காகத்தான்.

இப்போது கொஞ்சம் வீட்டுக்குள் வருவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட் என்ற பெயரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சில சென்டர்களில் என்ன விற்கிறார்கள்? கட்டற்ற மென்பொருளை இறக்கி, ஃபைல் தலையில் இருக்கும் பெயரையும் லைசென்ஸையும் வெட்டிவிட்டு, "டிசைன்ட் பை" என்று நாலு மாணவர் பெயரைப் போட்டு, பைண்டிங்கோடு சேர்த்துச் சில ஆயிரத்துக்குக் கொடுக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி அதைக் கட்டுகிற அப்பாக்கள் நம் வகுப்பிலேயே உண்டு. லைசென்ஸை விட்டுவைத்திருந்தால் அந்தப் புரோகிராமை அவன் ஒரு பைசா கொடுக்காமல், தலைநிமிர்ந்து, "இதை இன்னார் எழுதினார், இந்த இடத்தை நான் மாற்றினேன்" என்று வைவாவில் சொல்லியிருக்கலாம். மூலத்தைப் போய்ப் பார்த்திருக்கலாம், அதில் நாலு விஷயம் கற்றிருக்கலாம். இலவசமாக வந்த உரிமையை மறைத்து அதையே விலைக்கு விற்கிறார்கள், அதுவும் நம்மிடமே. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஷெல்லும் செட்டும் அறியாமல் கடிக்கின்றன. இவர்கள் அறிந்தே கடிக்கிறார்கள்.

பேரவைக்கு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். புராஜெக்ட் ரெகார்டில் சர்ட்டிஃபிகேட் பக்கத்துக்கு அடுத்ததாக ஒரு பக்கம் வேண்டும். யாருடைய சோர்ஸ், எந்தப் பதிப்பு, எந்த உரிமம், நாம் எதை மாற்றினோம் என்ற நாலு வரி. துறைத்தலைவரிடம் பேசியிருக்கிறோம், "போர்டு பேட்டர்ன்ல இல்லையேப்பா" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. நாற்பது பேர் கையெழுத்தோடு போனால் நடக்கும் என்று நினைக்கிறேன். இதுவரை பதினொன்று.

கடைசியாக ஒரு துப்பறியும் வேலை பாக்கி இருக்கிறது. நம் லேபில் இருக்கும் ஒரு புரோகிராமின் உதவி ஃபைலில் © குறி ஒன்பது பைட்டாகக் கிடக்கிறது. களஞ்சியத்தில் பார்த்தால் முதல் பதிவிலேயே நாலு பைட். ஆகவே இரண்டாவது கை விண்டோஸ் முறையில் படித்த கை, அது டார் பந்தல் கட்டும்போது நுழைந்தது என்று பிடித்துவிட்டோம். முதல் கைதான் யாருடையது என்று தெரியவில்லை. அந்தக் களஞ்சியம் தொடங்குவதற்கு முன்பே அது கெட்டிருக்கிறது. அதற்கும் பழைய பதிப்பு கிடைத்தால்தான் மேலே போக முடியும். நூலகத்தில் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சிடிக்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. நூலகர் அனுமதி கொடுத்துவிட்டார். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப் முடிந்ததும் உட்காருகிறோம். வருகிறவர்கள் சீக்கிரம் வாருங்கள், சிடி டிரைவ் வேலை செய்வது பதினான்காம் நம்பர் மெஷினில் மட்டும்தான்.